சித்ரா பௌர்ணமிப் பாடம்: ஆசிரியர் பயிற்சியில் டிஜிட்டல் தொழில்நுட்பம் என்றால் என்ன?

கன்னியாகுமரியில் சித்ரா பௌர்ணமி அன்று மாலை, மேற்கே சூரியன் மறைவதையும் கிழக்கே முழுநிலவு எழுவதையும் ஒரே வேளையில் காண்பதற்காகக் கடற்கரையில் மக்கள் திரள்வது ஆண்டுதோறும் வழக்கம். அந்தக் கூட்டத்தில் பி.எட். படிக்கும் மாணவி ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோடை விடுமுறை முடிந்த பிறகு அவர் கற்பித்தல் பயிற்சிக்காக ஓர் அரசுப் பள்ளிக்குச் செல்ல இருக்கிறார். அங்கே அவர் எடுக்க வேண்டிய பாடங்களுள் ஒன்று நிலவின் பிறைகள். அவர் கையில் கைபேசி இருக்கிறது, பள்ளியில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, பாடநூலில் விரைவுக் குறியீடு (QR) அச்சாகியிருக்கிறது. இவ்வளவும் இருந்தும் அந்தப் பாடத்தை அவர் எப்படி நடத்துவார் என்பது, அவருடைய பயிற்சிக் கல்லூரி அவரை எதற்குப் பழக்கியது என்பதைப் பொறுத்தே அமையும். ஆசிரியர் பயிற்சியில் டிஜிட்டல் தொழில்நுட்பத்தை இணைப்பது என்று நாளிதழ்களிலும் அரசு அறிவிப்புகளிலும் அடிக்கடி காணும் சொற்றொடருக்கு உண்மையில் என்ன பொருள் என்பதை, இத்துறைக்குப் புதியவர்களுக்காக, இந்த ஒரு பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டே விளக்க முயல்கிறேன். குமரி மாவட்டத்தில் ஆசிரியர் பயிற்சியோடு பல ஆண்டுகள் தொடர்பு கொண்டவன் என்ற முறையில், இது எனக்கு ஏட்டளவில் நின்றுவிடும் விஷயமாக இல்லை.

ஒரே சொல், மூன்று வேலைகள்

‘டிஜிட்டல்’ என்ற சொல்லை ஆசிரியர்கள் கூடியிருக்கும் ஓர் அறையில் சொன்னால், பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது எமிஸ் செயலிதான். வருகைப் பதிவு, மாணவர் விவரங்கள், நலத்திட்டப் பொருள்கள் வழங்கிய கணக்கு ஆகியவற்றைக் கைபேசியில் ஏற்றும் வேலை அது. அது பள்ளி நிர்வாகத்துக்குத் தேவையானது. ஆயினும் அதை விரைவாகச் செய்யத் தெரிந்த ஆசிரியர், நிலவு ஏன் தேய்கிறது என்பதை அதனாலேயே நன்றாக விளக்கிவிட மாட்டார். இரண்டாவது வேலை, பயிற்சியையே தொழில்நுட்பத்தின் வழியாக ஆசிரியரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. 2017 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் தீக்‌ஷா தளமும், 2019 ஆகஸ்டில் நேரடிப் பயிற்சியாகத் தொடங்கிப் பெருந்தொற்றுக் காலத்தில், 2020 அக்டோபரில், இணையவழிக்கு மாறிய நிஷ்தா பயிற்சியும் இவ்வகையைச் சேர்ந்தவை. மூன்றாவது வேலை, வகுப்பறையில் ஒரு குறிப்பிட்ட பாடத்தை, ஒரு குறிப்பிட்ட வயதுப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பதற்குத் தொழில்நுட்பத்தை ஆசிரியரே தேர்ந்து பயன்படுத்துவது.

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் நம் பயிற்சிகளில் நான் காணும் முதல் தடை. முதலிரண்டு வேலைகளை எண்ணிக் கணக்குக் காட்ட முடியும்: இத்தனை பேர் பதிவேற்றினார்கள், இத்தனை பேர் சான்றிதழ் பெற்றார்கள் என்று சொல்லிவிடலாம். மூன்றாவதை அப்படி எண்ண முடியாது. எண்ண முடியாத காரணத்தாலேயே அது திட்டங்களில் பின்னுக்குப் போய்விடுகிறது. பிள்ளைகளின் கற்றலைத் தொடுவதோ அது ஒன்றுதான்.

இந்த மூன்றாவது வேலைக்கு ஆசிரியரை ஆயத்தப்படுத்துவதற்கு நம் நாட்டில் இரண்டு வாசல்கள் உண்டு. பணிக்கு வருமுன் பெறும் பயிற்சி ஒன்று. பட்டயப் பயிற்சியும் பி.எட். படிப்பும் அதில் அடங்கும். பணியில் சேர்ந்தபின் வட்டார வள மையங்களிலும் குறுவள மையங்களிலும் பெறும் பயிற்சி மற்றொன்று. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து உருவாக்கப்பட்ட மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இரண்டு வாசல்களுக்கும் பொதுவாக நிற்பவை. நம் மாவட்டத்தின் நிறுவனம் தேரூரில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில்சார் வளர்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்று கூறுகிறது. அந்த 50 மணி நேரத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதே கேள்வி.

பாடம், பிள்ளை, கருவி

1986இல் அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் ஓர் எளிய உண்மையை எடுத்துக்காட்டினார். இயற்பியல் தெரிந்த எல்லோராலும் இயற்பியல் கற்பித்துவிட முடியாது; கற்பிக்கும் முறைகளை மட்டும் அறிந்தவராலும் முடியாது. ஒரு பாடப்பொருளில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள், எந்த எடுத்துக்காட்டு அவர்களைத் தூக்கிவிடும் என்ற அறிவு தனியே ஒன்று இருக்கிறது, அதுதான் ஆசிரியருக்கே உரிய அறிவு என்றார் அவர். இருபது ஆண்டுகள் கழித்து, 2006இல், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் இதனோடு தொழில்நுட்ப அறிவையும் சேர்த்து ஒரு சட்டகம் வகுத்தார்கள். ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டி அதை ‘டீபேக்’ (TPACK) என்பார்கள். மூன்று வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் படமாக அதை வரைவது வழக்கம். பாட அறிவு, கற்பித்தல் அறிவு, தொழில்நுட்ப அறிவு ஆகிய மூன்றும் கூடும் நடுப்பகுதியில்தான் நல்ல ஆசிரியர் நிற்கிறார் என்பது அதன் கருத்து. பி.எட். தேர்வில் இந்தப் படத்தை வரைந்து மதிப்பெண் வாங்குவது எளிது. அதன் உள்ளடக்கம் விளங்க வேண்டுமானால், நம் மாணவியின் நிலவுப் பாடத்துக்குத் திரும்ப வேண்டும்.

முதலில் பாட அறிவு. முழுநிலவு நாளில் பூமிக்கு ஒரு பக்கம் சூரியனும் எதிர்ப்பக்கம் நிலவும் இருக்கின்றன. ஆகவே ஒன்று மறையும்போது மற்றொன்று எழுகிறது. இது சித்திரை மாதத்துக்கு மட்டும் உரிய அதிசயம் அன்று. எந்தப் பௌர்ணமியிலும் இதுவே நடக்கிறது. வளர்பிறை அட்டமியன்று சூரியன் மறையும் வேளையில் பாதிநிலவு உச்சிவானத்தை ஒட்டி நிற்கும். இவ்வளவும் நம் மாணவிக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, பிள்ளைகள் தடுக்கி விழும் இடம். பூமியின் நிழல் விழுவதால்தான் நிலவு தேய்கிறது என்று எண்ணும் பிள்ளைகள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள், பெரியவர்களிலும் இருக்கிறார்கள். பூமியின் நிழல் நிலவின்மீது விழுவது சந்திர கிரகணத்தில் மட்டும்தான். நிலவின் ஒரு பாதி எப்போதும் சூரிய ஒளியில் இருக்கிறது; அந்த ஒளிப்பாதியில் எவ்வளவு பகுதி நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே பிறை. இந்தத் தவறான எண்ணம் பிள்ளைகளிடம் இருக்கிறதா என்பதை, பாடம் தொடங்குமுன்பே ஒரு கேள்வியால் கண்டறிந்துகொள்ளும் ஆசிரியர் பாதி வேலையை முடித்துவிடுகிறார். இன்னொன்றும் உண்டு. குளச்சலிலோ முட்டத்திலோ கடலோரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏற்றம் மிகுதியாக இருக்கும் என்பது வீட்டிலேயே தெரிந்த செய்தி. அவர்கள் ஒன்றும் தெரியாமல் வகுப்புக்கு வருவதில்லை என்பதை ஆசிரியர் அறிந்திருப்பதும் கற்பித்தல் அறிவில் அடங்கும்.

இப்போது கருவிக்கு வருவோம். ஸ்டெல்லேரியம் என்ற கட்டணமில்லாத மென்பொருளில் இடத்தைக் கன்னியாகுமரி என்று குறித்துவிட்டு, நாளையும் நேரத்தையும் நகர்த்தினால், ஒரு மாதத்து வானம் சில நிமிடங்களில் திரையில் ஓடும். மாலை நேரத்தில் நிலவு நாளுக்கு நாள் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டே போவதையும், அது நாள்தோறும் சராசரியாக ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி எழுவதையும் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள். மழையும் மேகமும் உள்ள மாதத்தில் நேரில் காண முடியாததை இது காட்டிவிடுகிறது. ஆயினும் ஒன்றை இது காட்டாது. இப்படிக் குறித்து ஓடவிடும்போது பூமியில் நின்று பார்க்கும் காட்சியை மட்டுமே இது தருவதால், நிலவு ஏன் அப்படித் தோன்றுகிறது என்பதற்கு இதில் விடை இல்லை. அதற்கு ஒரு பந்தும் ஒரு விளக்கும் போதும். அறையை இருட்டாக்கி, விளக்கைச் சூரியனாக வைத்து, பிள்ளை பந்தைக் கைநீட்டிப் பிடித்து, தலைக்குச் சற்று மேலாக உயர்த்தியபடி தான் நின்ற இடத்திலேயே சுற்றினால், அந்தப் பந்தின்மேல் அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை எல்லாப் பிறைகளும் வந்து போகும். பந்தைத் தலைக்கு நேராகத் தாழ்த்தினால் தலையின் நிழல் அதன்மேல் விழும். கிரகணமும் அங்கேயே விளங்கிவிடும்.

ஆகவே நம் மாணவி எடுக்க வேண்டிய முடிவு, ஸ்மார்ட் போர்டைப் பயன்படுத்தலாமா வேண்டாமா என்பதோடு நிற்பதில்லை. எதை முதலில் வைப்பது, எங்கே நிறுத்திக் கேள்வி கேட்பது, எதைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பது என்பவை அதைவிடப் பெரிய முடிவுகள். என் கருத்தில், முதலில் நிழல் பற்றிய கேள்வி, பிறகு பந்தும் விளக்கும், அதன்பிறகே மென்பொருள் என்ற வரிசை பொருந்தும். காரணத்தைக் கையால் உணர்ந்த பிள்ளைக்குத் திரையில் ஓடும் வானம் சான்றாக அமைகிறது. உணராத பிள்ளைக்கு அது மற்றொரு படமாகக் கடந்துபோகிறது. வேறொரு வகுப்பில் வேறொரு வரிசை சரியாக இருக்கலாம். அந்த முடிவை எடுத்து, ஏன் அப்படி எடுத்தேன் என்று சொல்லத் தெரிவதே, பயிற்சியால் ஓர் ஆசிரியருக்குக் கிடைக்க வேண்டிய திறன்.

கணிதத்திலும் இப்படித்தான். பத்தாம் வகுப்பில் உயரங்களும் தொலைவுகளும் பகுதியை எடுப்பவருக்கு, சுமார் 115 அடி உயரமுள்ள மாத்தூர் தொட்டிப்பாலத்தைவிடச் சிறந்த துணைக்கருவி கிடைக்காது. ஏற்றக்கோணத்தை அளக்கக் கைபேசியில் செயலிகள் இருக்கின்றன. நீட்டினால் கோணம் எண்ணாக வந்துவிடும். ஒரு கோணமானி, ஓர் உறிஞ்சுகுழல், நூலில் கட்டிய சிறு கல் ஆகியவற்றைக் கொண்டு பிள்ளையே செய்யும் கருவியில், நூல் காட்டும் அளவை 90இலிருந்து கழித்தால்தான் கோணம் வரும். அந்தக் கழித்தலில்தான் கிடைக்கோடு, செங்குத்து, ஏற்றக்கோணம் மூன்றும் மனத்தில் பதிகின்றன. ஆகவே முதல் அளவீட்டுக்குக் கைக்கருவியும், பல இடங்களில் நின்று விரைவாக அளந்து ஒப்பிடும்போது செயலியும், தொலைவை மாற்றினால் கோணம் எப்படி மாறுகிறது என்று காட்டுவதற்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளும் பயன்படும். ஒரு கட்டத்தில் தொழில்நுட்பம் வேண்டாம் என்று தீர்மானிப்பதும் தொழில்நுட்பத் திறனின் பகுதி என்பதைப் பயிற்சி நிறுவனங்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

பயிற்சிக் கல்லூரியில் இது எப்படி வளரும்

இதைத் தனித்தாளாக வைத்துக் கற்பிக்க முடியுமா? பெரும்பாலும் அப்படித்தான் செய்துவருகிறோம். பாடத்திட்டத்தில் தகவல் தொழில்நுட்பத்துக்கென ஒரு தாள் இருக்கும். அதில் கணினியின் பகுதிகள், இணையத்தின் நன்மை தீமைகள், விளக்கப்படக்காட்சி தயாரிக்கும் முறை ஆகியவை வரும். அறிவியல் கற்பித்தல் தாளோ வழக்கம்போலக் கரும்பலகையிலும் குறிப்பேட்டிலும் நடக்கும். நான் பார்த்த ஒரு கல்லூரியில் கணினி அறை முழுவதும் தூசு படியாமல் உறை போட்டு மூடிவைக்கப்பட்டிருந்தது. ஆய்வுக்கு வருவோருக்காக மட்டுமே உறைகள் அகற்றப்பட்டன. அங்கே படித்தவர்களிடம் பிறகு குறைகாண்பது எந்த வகையிலும் நியாயம் ஆகாது. தான் எவ்வாறு கற்பிக்கப்பட்டாரோ அவ்வாறே கற்பிப்பது மனித இயல்பு. ஆதலால் அறிவியல் கற்பித்தலைச் சொல்லித்தரும் பேராசிரியரே தம் வகுப்பில் வானத்தைத் திரையில் ஓடவிட்டு, நடுவில் நிறுத்தி, ‘இந்த இடத்தில் ஏன் நிறுத்தினேன்?’ என்று கேட்பதுதான், தகவல் தொழில்நுட்பத் தாளில் பத்துப் பக்கம் எழுதுவதைவிடப் பயன் தரும்.

யுனெஸ்கோ நிறுவனம் ஆசிரியர்களுக்கான தகவல் தொழில்நுட்பத் திறன் சட்டகம் ஒன்றை 2008இல் வெளியிட்டு, 2011இலும் 2018இலும் திருத்தியது. கல்விக் கொள்கை, பாடத்திட்டமும் மதிப்பீடும், கற்பித்தல் முறை, கருவியைக் கையாளுதல், வகுப்பு நிர்வாகம், ஆசிரியரின் சொந்த வளர்ச்சி என்ற ஆறு கூறுகளை, அறிவைப் பெறுதல், ஆழப்படுத்துதல், உருவாக்குதல் என்ற மூன்று படிநிலைகளில் வைத்து, 18 திறன்களாக அது பகுக்கிறது. கருவியைக் கையாளுதல் அந்த ஆறில் ஒன்று மட்டும்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் பயிற்சிகள் பெரும்பகுதி நேரத்தை அந்த ஒன்றுக்கே கொடுத்துவிடுகின்றன.

கைபேசியை மிகச் சிறப்பாகப் பயன்படுத்தக்கூடிய இடம் ஒன்று பி.எட். படிப்பிலேயே பல காலமாக இருந்துவருகிறது. 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய நுண்ணிலைக் கற்பித்தலைத்தான் சொல்கிறேன். ஒரு சிறு திறனை மட்டும் எடுத்துக்கொண்டு, சில மாணவர்களுக்குச் சில நிமிடங்கள் பாடம் நடத்தி, பின்னூட்டம் பெற்று, திருத்தி, மீண்டும் நடத்துவது அந்த முறை. இந்தியக் கல்லூரிகளில் அதற்கு 36 நிமிடச் சுழற்சி உண்டு: கற்பிக்க 6 நிமிடம், பின்னூட்டத்துக்கு 6, மறுதிட்டமிட 12, மீண்டும் கற்பிக்க 6, மீண்டும் பின்னூட்டத்துக்கு 6. தொடக்கத்திலேயே இதன் உயிர்நாடி காணொளிப் பதிவுதான். ஆசிரியர் தம்மைத் தாமே பார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஒளிப்பதிவுக் கருவி எட்டாத விலையில் இருந்த காலத்தில் நாம் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, சக மாணவர் குறித்துத் தரும் மதிப்பீட்டுத்தாளோடு நிறுத்திக்கொண்டோம். இன்று வகுப்பில் உள்ள ஒவ்வொருவரிடமும் அந்தக் கருவி இருந்தும், விட்டுப்போன பகுதியை நாம் இன்னும் திரும்ப எடுக்கவில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தரும் செய்தி இது.

எதைப் பார்ப்பது என்று தெரியாமல் காணொளியைப் பார்த்தால், சேலையின் மடிப்பும் குரலின் நடுக்கமும்தான் கண்ணில் படும். ஆகவே ஒரே ஒரு கேள்வியோடு பார்க்க வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதை ஒலிப்பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்து, 1970களில் தம் முடிவுகளை வெளியிட்டார். பெரும்பாலான வகுப்புகளில் அந்தக் காத்திருப்பு ஏறத்தாழ ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியோ அதற்கு மேலோ நீட்டித்தபோது, பிள்ளைகளின் விடைகள் நீண்டன, தாமாகவே பேசுவோர் பெருகினர், ‘தெரியாது’ என்போர் குறைந்தனர். நம் மாணவி தம் ஆறு நிமிடப் பாடத்தைத் தோழியிடம் பதிவு செய்யச் சொல்லி, மாலையில் தனியே அமர்ந்து, தாம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை விநாடி காத்திருந்தார் என்று குறித்துப் பார்க்கட்டும். மறுநாள் அவர் நடத்தும் பாடத்தில் வேறுபாடு தெரியும். இதற்கு இணைய இணைப்பே தேவையில்லை.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் இங்கே சிறிது சொல்ல வேண்டும். பாடக்குறிப்பை எழுதித் தருமாறு கேட்டால் நொடியில் எழுதித் தரும் செயலிகள் வந்துவிட்டன. முன்பு சீனியர்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியவர்கள் இப்போது இதைப் பார்த்து எழுதுகிறார்கள். தடை செய்வதால் இது நின்றுவிடாது. ஆசிரியர்களுக்கான செயற்கை நுண்ணறிவுத் திறன் சட்டகம் ஒன்றையும் யுனெஸ்கோ 2024இல் வெளியிட்டு, 15 திறன்களை அதில் வகுத்திருக்கிறது. என் பரிந்துரை எளிது: இயந்திரம் எழுதிய நிலவுப் பாடக்குறிப்பையே மாணவி கையில் கொடுத்து, முட்டத்துப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த எதை இது விட்டுவிட்டது, நிழல் பற்றிய தவறான எண்ணத்தை இது எந்த இடத்தில் சோதிக்கிறது என்று கேட்க வேண்டும். விடை எழுத அவருக்குப் பாடமும் தெரிந்திருக்க வேண்டும், பிள்ளையும் தெரிந்திருக்க வேண்டும்.

பணியில் இருப்போருக்கு

லட்சக்கணக்கான ஆசிரியர்களுக்கு ஒரே நேரத்தில் பயிற்சி தர வேண்டிய நாட்டில், பயிற்சி படிப்படியாக இறங்கிவருகிறது. மாநில அளவில் கருத்தாளர்கள் பயிற்சி பெறுவார்கள். அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்குச் சொல்வார்கள். அங்கிருந்து வட்டாரத்துக்கும் குறுவள மையத்துக்கும் வரும்போது, முதலில் மூன்று நாள் நடந்தது ஒரு நாளாகச் சுருங்கியிருக்கும், செய்துகாட்டியது சொல்லிக்காட்டியதாக மாறியிருக்கும். இந்தத் தேய்மானத்தைத் தவிர்க்கவே, மூலக் காணொளியையே ஒவ்வோர் ஆசிரியரும் நேரடியாகக் காணும் இணையவழிப் பயிற்சி வந்தது. தேய்மானம் குறைந்தது உண்மைதான். ஆனால் கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில், செய்துபார்த்துத் திரும்பி வந்து பேச வாய்ப்பில்லாத இடத்தில், வீட்டு வேலைக்கு நடுவே காணொளி ஓடி முடிந்து சான்றிதழ் வந்துவிடுகிறது. இதில் ஆசிரியரைக் குறைசொல்ல எதுவுமில்லை. பயிற்சியை அப்படி வடிவமைத்தது அவர்கள் இல்லை.

கருவியைக் கொடுத்தால் கற்றல் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த நாடு பெரு. பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் அந்நாடு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வழங்கியது. கிராமப்புறத்தில் 319 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி நடத்திய ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது: கணினிப் பயன்பாடு பெருகியிருந்தது, கணிதத்திலும் மொழியிலும் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

கென்யாவின் கிசுமு பகுதியில் நடந்த மற்றோர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. வாசிப்பை மேம்படுத்தும் ஒரே திட்டத்தில், சில பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மின்வாசிப்புக் கருவிகளும், சில பள்ளிகளில் ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகளும், சில இடங்களில் பள்ளிகளைப் பார்வையிட்டு வழிகாட்டும் பயிற்றுநர்களுக்கு மட்டும் கைக்கணினிகளும் தரப்பட்டன. மூன்றுக்கும் இடையே பிள்ளைகளின் முன்னேற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லை. செலவோ பயிற்றுநருக்குத் தந்த முறையில் மிகக் குறைவு. பல பள்ளிகளுக்கு ஒருவர், அவர் கையில் ஒரு கருவி. அவர் வகுப்பின் பின்புறம் அமர்ந்து பாடத்தைக் கவனித்து, குறித்துக்கொண்டு, பாடம் முடிந்ததும் ஆசிரியரோடு பேசினார். 2015 முதல் கென்யா முழுவதற்கும் விரிந்த டுசோமே என்ற வாசிப்புத் திட்டத்தில் இந்த வழியே கையாளப்பட்டது.

பயிற்றுநர் நேரில் வராமல் தொலைபேசி வழியாகவே வழிகாட்டலாமே என்று தோன்றும். தென்னாப்பிரிக்காவின் ம்புமலாங்கா மாநிலத்தில் அதையும் சோதித்தார்கள். முதல் ஆண்டின் முடிவில் இரண்டு முறைகளும் ஏறத்தாழ ஒரே பயன் தந்தன. மூன்று ஆண்டுகள் கடந்தபோது நேரில் வந்து வழிகாட்டிய பள்ளிகள் முந்தியிருந்தன. ஓராண்டு முடிவை மட்டும் பார்த்திருந்தால் தவறான பாடத்தைக் கற்றிருப்போம்.

இவற்றை நம் மாவட்டத்தோடு பொருத்திப் பார்க்கிறேன். குமரியில் ஒன்பது ஒன்றியங்கள். ஒவ்வொன்றிலும் வட்டார வள மையமும் ஆசிரியர் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். பரப்பளவில் சிறிய மாவட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்ற மாவட்டம். கூட்டம், அறிக்கை, பதிவேற்றம் ஆகியவற்றில் கழியும் பயிற்றுநரின் நேரத்தில் ஒரு பகுதியை மீட்டு, வாரத்துக்குச் சில வகுப்புகளில் அவர் அமர்ந்து கவனிக்கவும், ஒரே ஒரு கேள்வியைப் பற்றி ஆசிரியரோடு பேசவும் வழிசெய்தால், கையில் உள்ள கருவிகளைக் கொண்டே அதிகம் செய்ய முடியும். முன்சிறை, மேல்புறம் பகுதிகளில் மலையாள வழிப் பள்ளிகளும் உள்ளன. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2001இல் தொடங்கி 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்த கல்வித் தொழில்நுட்ப அமைப்பில், பள்ளி ஆசிரியர்களே முதன்மைப் பயிற்றுநர்களாக இருந்து மற்ற ஆசிரியர்களைப் பழக்குகிறார்கள். எல்லைக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு அதைப் பார்க்காமல் இருப்பது இழப்பு.

மின்சாரமும் சம்மதமும்

2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் அடித்தபின், மாவட்டத்தின் பல ஊர்களில் பல நாள்கள் மின்சாரம் இல்லை. புயல் இல்லாத நாளிலும் பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணி பழங்குடியினரின் குடியிருப்புகளில் கைபேசிச் சமிக்ஞை தேடி நடக்க வேண்டிய இடங்கள் உண்டு. ஆகவே தொழில்நுட்பம் சேர்ந்த ஒவ்வொரு பாடக்குறிப்பிலும் ‘மின்சாரம் இல்லையென்றால்’ என்று ஒரு கட்டம் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். நிலவுப் பாடத்தில் பந்தும் விளக்கும் முன்னால் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். டார்ச் விளக்கு போதும். தேவையான காணொளிகளை வட்டார வள மையத்திலோ வீட்டிலோ இறக்கிக்கொண்டு நினைவட்டையில் எடுத்துச் செல்வதும், இணைப்பே இல்லாமல் இயங்கும் கோலிப்ரி போன்ற தளத்தைப் பழைய மடிக்கணினி ஒன்றில் ஏற்றிவைப்பதும் பயிற்சிக் காலத்திலேயே கைவர வேண்டிய பழக்கங்கள்.

வகுப்பைப் படம் பிடிப்பதில் இன்னொரு பொறுப்பு இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தையாகக் கொண்டு, அவர்களுடைய தரவுகளுக்குப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதுவே முறை. கைபேசியைப் பிள்ளைகளுக்குப் பின்னால் வைத்து ஆசிரியரை மட்டும் பதிவு செய்வதும், பார்த்து முடித்தபின் அழித்துவிடுவதும், எக்காரணம் கொண்டும் வாட்ஸ்அப் குழுவில் பகிராதிருப்பதும் முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்பட வேண்டும்.

இதைப் படிப்பவர் பயிற்சியில் இருக்கும் ஆசிரியராக இருந்தால், அடுத்த பௌர்ணமியன்று ஒன்று செய்து பார்க்கலாம். ஊர் எதுவாக இருந்தாலும், கிழக்கு வெட்டவெளியாகத் தெரியும் ஓர் இடத்தைத் தேர்ந்து, சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து நிலவைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளவும். அருகே உள்ள தென்னையோ கோபுரமோ படத்தில் சேர்ந்து வரட்டும். அடுத்தடுத்த இரண்டு நாள்களிலும் அதே இடத்தில், அதே நேரத்தில் நின்று பாருங்கள். இரண்டாம் நாள் நிலவு மிகத் தாழ்வாக, தொடுவானத்தை ஒட்டி இருக்கும்; மூன்றாம் நாள் அந்த நேரத்துக்கு அது இன்னும் எழுந்திருக்காது. மூன்று படங்களையும் வகுப்பில் வரிசையாகக் காட்டிவிட்டு, மூன்றாவது படத்தில் நிலவு எங்கே போனது என்று கேட்டு, மூன்று விநாடி காத்திருங்கள்.